பலாமரத்தில் தொங்கிய போன்

என் மச்சான் புதுப் போன் வாங்கிவிட்டான் என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. பந்தியில் உட்காரும்போது அதை இலைக்குப் பக்கத்தில் குப்புறக் கவிழ்த்து வைப்பான். முதுகில் இருக்கும் கேமராக்கள் எதிர்வரிசைக்காரர்களுக்குத் தெரிய வேண்டும். சாம்பார் ஊற்ற வருகிறவர் கை தவறி ஒரு சொட்டு விட்டுவிடுவாரோ என்று கண் அங்கேயே இருக்கும், வாயில் போவது பொரியலா கூட்டா என்பது அவனுக்குத் தெரியாது. யாராவது "புதுசா?" என்று கேட்டுவிட்டால் பாயசம் வரும்வரை அதன் பெருமையைக் கேட்டாக வேண்டும். யாருமே கேட்காவிட்டால் அடுத்த வரிசையில் இருக்கும் தன் மனைவிக்குக் கண்ணைக் காட்டுவான். அவள் பாவம், சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் அவனுக்கு போன் போடுவாள். அவன் எடுத்து, "ம், சாப்டுக்கினு இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்லி மறுபடியும் கவிழ்த்து வைப்பான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எங்கள் இரண்டு குடும்பமும் கல்வராயன் மலைக்காரர்கள்தான். அவன் அப்பா காலத்திலேயே அவர்கள் மலையை விட்டிறங்கி கள்ளக்குறிச்சியில் வீடு கட்டிக்கொண்டார்கள். அவனுக்கு ஒரு பைக் ஷோரூமில் வேலை. எனக்குக் கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. வீடு கள்ளக்குறிச்சியில், பிழைப்பு மலைப்பாதையில். என் அக்கா மட்டும் இன்னும் மேலே இருக்கிறாள்.

கண்டக்டருக்கு அடுத்தவர் போனைப் பார்க்காமல் இருக்க வழியில்லை. டிக்கெட் கேட்டுக் கையை நீட்டினால் எதிரே ஒரு கையில் கம்பி, மறு கையில் போன், காசு சட்டைப்பையில். அந்தப் போனை எங்கே வைத்துவிட்டுக் காசை எடுப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் கச்சிராயபாளையம் வந்துவிடும். வருஷா வருஷம் அந்தக் கையில் இருக்கும் போன் மாறுகிறது. பேச்சு மட்டும் மாறவே இல்லை. "எங்க இருக்கே?" "பஸ்ல வந்துகினு இருக்கேன்." "சாப்டியா?" "இன்னும் இல்ல. இன்னா கொழம்பு?" என்ன குழம்பு என்று கேட்பதற்கு, நிலாவில் இருக்கிற பள்ளத்தைப் படம் பிடிக்கிற போன் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் பஸ்ஸில் ஏறிய யாரும் நிலாவைப் படம் பிடித்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் தங்கள் முகத்தைத்தான் பிடிக்கிறார்கள், அதுவும் போன வருஷத்து முகத்தையே.

கேட்டால் ஒரே பதில் தயாராக இருக்கும். "பழசு ஹேங் ஆவுதுங்க." ஏன் ஹேங் ஆகிறது? நன்றாக ஓடிக்கொண்டிருந்த போன் ஒருநாள் தானாகவே அப்டேட் கேட்கும். பிள்ளை மிட்டாய் கேட்பது போல விடாமல் கேட்கும். தொல்லை பொறுக்காமல் போட்டால் அன்றிலிருந்து இருமும், தும்மும், படுத்துக்கொள்ளும். உடனே இந்த மகானுபாவர்கள் தலையில் அடித்துக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள். மருந்து என்று விஷத்தைக் கொடுத்துப் படுக்க வைத்தவனிடமே போய் மாற்று ஆள் கேட்கிற கூத்து இது. வெட்கம் என்பது துளியும் இல்லாமல் கும்பல் கும்பலாகப் போய்க் கேட்கிறார்கள்.

எங்கள் டிப்போவுக்கும் இந்த வியாதி வராமலில்லை. நன்றாக டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த மிஷினைப் பிடுங்கிக்கொண்டு கலர் ஸ்கிரீன் வைத்த ஒன்றைக் கையில் திணித்தார்கள். அதிலிருந்தும் அதே டிக்கெட்தான் வருகிறது. கொஞ்சம் லேட்டாக வருகிறது.

மச்சான் வீட்டில் போன் மேலிருந்து கீழே இறங்கும். அவன் புதிது வாங்கினால் அவனுடையது அவன் மனைவிக்கு, அவளுடையது மாமனாருக்கு, மாமனாருடையது என் மனைவிக்கு. அண்ணன் சட்டையைத் தம்பி போடுகிற கணக்குதான். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் குடும்பம் மொத்தமும் ஒரு வாரம் தடுமாறும். யாருக்கும் யார் நம்பரும் இருக்காது. என் மாமனார் டார்ச் எங்கே இருக்கிறது என்று வருஷா வருஷம் முதலிலிருந்து கற்றுக்கொள்வார். கற்று முடிக்கும் நேரத்தில் அடுத்தது இறங்கிவிடும். எங்கள் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்தால் ஒன்றுக்கும் சேராத சார்ஜர் வயர்கள் பின்னிப் பிணைந்து கிடக்கும். தூக்கிப் போடு என்றால் என் மனைவி, "இருக்கட்டும், எதுக்காச்சும் ஆவும்" என்பாள். எதற்கும் ஆகாது என்பது அவளுக்கும் தெரியும்.

இந்த இறக்கம் நடக்கிற நாள் ஆயுத பூஜை. தள்ளுபடி அப்போதுதான் ஜாஸ்தி என்பது மச்சானின் கட்சி. அந்த வருஷம் அவன் வாங்கிய புதுப் போனை அரிவாள், சுத்தியல், பைக் சாவி எல்லாவற்றோடும் சேர்த்துப் பலகையில் நடுநாயகமாக வைத்தான். என் மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. அரிவாளுக்குப் பொட்டு வைத்தார், சுத்தியலுக்கு வைத்தார். போனிடம் வந்ததும், முதுகில் கண்கள் இருப்பதைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகச் சந்தனம் அப்பி அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டார். பிறகு தீபாராதனை. மச்சான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஷோரூமில் படம் எடுத்தால் எல்லாம் மார்கழிப் பனியில் எடுத்தது போல வந்திருக்கிறது. அவன் பதறிப்போனான். துடைத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அந்த மண்டையில் உதிக்கவில்லை. "லென்ஸ்ல ப்ராப்ளம் மாமா. இந்த மாடலே சரியில்லன்னு சொல்றாங்க. இதுக்கு மேல ஒண்ணு வந்திருக்குது" என்று என்னிடம் வந்து புலம்பினான். என் மனைவி போனை வாங்கி, முந்தானையை எச்சிலில் நனைத்து ஒரு துடை துடைத்துக் கொடுத்தாள். படம் பளிச்சென்று விழுந்தது. அவன் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. மாற்றுவதற்குக் கிடைத்த ஒரு நல்ல காரணம் கைநழுவிப் போன வருத்தம்தான் தெரிந்தது.

அந்தத் தடவை இன்னொரு சிக்கலும் இருந்தது. வீட்டில் எல்லாரிடமும் நல்ல போன் இருந்தது. இறக்குவதற்கு ஆள் இல்லை. அவனுடைய பழைய போன், பழையது என்றால் போன ஆயுத பூஜைக்கு வாங்கியது, கேட்பாரற்று அலமாரியில் கிடந்தது. அப்போதுதான் அவனுக்கு மலை ஞாபகம் வந்தது.

மலையில் என் அக்கா ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி, பஸ் போகாத இடம். மின்சாரம் இருக்கிறது, டிவி இருக்கிறது, டவர் மட்டும் எந்த வீட்டிலும் கிடைக்காது. ஊர் முனையில் பாதை திரும்புகிற இடத்தில் ஒரு பலாமரம். அந்த மரத்தடியில் கிடைக்கும். மரத்தை விட்டு நகர்ந்தால் போய்விடும். அதனால் அடிமரத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஓர் ஆணி அடித்து, அதில் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டி, பைக்குள் அக்காவின் பட்டன் போனை வைத்திருந்தார்கள். அக்காவின் போன் என்று பெயர்தானே தவிர, ஊருக்கே அதுதான் போன். மணி அடித்தால் அந்தப் பக்கம் போகிற யாராக இருந்தாலும் பைக்கு மேலேயே பச்சைப் பட்டனை அமுக்கி, "யாருக்குங்க?" என்று கேட்பார்கள். பிறகு வீடுகளைப் பார்த்துப் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். முதல் வீடு அடுத்த வீட்டுக்குக் கத்தும், அது அதற்கடுத்த வீட்டுக்கு. கூப்பிட்டவர் அதுவரை லைனில் காத்திருப்பார். கேரளாவில் மிளகு பறிக்கப் போனவர்கள், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள், ஹாஸ்டலில் படிக்கிற பிள்ளைகள் எல்லாரிடமும் அந்த ஒரு நம்பர்தான் இருந்தது. போனைப் பையிலிருந்து யாரும் எடுக்க மாட்டார்கள். பேசுகிற ஆள்தான் குனிந்து மரத்திடம் காதைக் கொடுக்க வேண்டும். சார்ஜுக்கு மட்டும் எப்போதாவது வீட்டுக்குப் போய் வரும்.

ஊரில் டச் போன் வைத்திருக்கிற பையன்கள் இல்லாமலில்லை. அவர்களுக்கும் மரத்தடியில்தான் டவர். ஆனால் அந்தப் போன்கள் ஆளோடு சேர்ந்து ஊர் சுற்றப் போய்விடும். போட்டால் யாராவது எடுப்பார்கள் என்று நம்பக்கூடியது மரத்துப் போன் ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில் அக்கா மகள் ஒரு போன் வருவதற்காகக் காத்திருந்தாள். ஹாஸ்டலில் தங்கி ப்ளஸ் டூ முடித்தவள். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் சின்னதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. மலையில் நர்சம்மா வருகிற நாளில் அந்த அம்மாள் பின்னாலேயே வீடு வீடாகப் போவாள். கீழே ஒரு காலேஜில் அவள் பெயர் காத்திருப்பில் இருந்தது. சேர்ந்தவர்களில் யாராவது விலகினால் கூப்பிடுவோம், எடுக்காவிட்டால் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவோம் என்று அங்கே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். நான்தான் அவளைக் கூட்டிப்போயிருந்தேன். என் நம்பரைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். என் பகலில் பாதி மலை வளைவுகளில் டவர் இல்லாமல் கழிகிறது என்பது அவளுக்குத் தெரியும். "மரத்து நம்பரே குடுக்கலாம் மாமா. யாராச்சும் எடுத்துடுவாங்க" என்றாள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் நண்பர்களோடு பைக்கில் அருவி பார்க்க மலைக்கு வந்தான். அருவியைப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது, அருவிக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். திரும்புகிற வழியில் அக்கா ஊருக்குப் போயிருக்கிறான். மரத்தில் தொங்கிய பையைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம். "இன்னாக்கா இது? மியூசியத்துல வெக்க வேண்டியதப் போயி மரத்துல மாட்டி வெச்சிருக்கீங்க. இந்த டப்பாவுக்கெல்லாம் இனிமே டவரே வராதுக்கா. எல்லாத்தயும் நிறுத்தப்போறாங்க."

அதோடு விட்டானா? கையோடு கொண்டுவந்திருந்த தன் பழைய டச் போனை அக்காவுக்குக் கொடுத்தான். சும்மா கொடுக்கவில்லை. அக்காவை மரத்தடியில் நிறுத்தி, நண்பனை வீடியோ எடுக்கச் சொல்லி, கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் நீட்டினான். அக்கா சரியாகச் சிரிக்கவில்லை என்று மறுபடி வாங்கச் சொன்னான். வெயில் கண்ணில் படுகிறது என்று அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தி இன்னொரு தடவை. பட்டன் போனிலிருந்த பழைய பெரிய சிம்மை எடுத்து, டச் போனுக்குத் தகுந்தபடி ஓரங்களை வெட்டிப் போட்டான். பட்டன் போனைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதுவும் வேண்டுமாம், ஷோகேஸில் வைக்க.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் மனைவியின் போனிலிருந்து அந்த வீடியோ எனக்கு வந்தது. பின்னால் உருக்கமான ஒரு பாட்டு. "மலைவாழ் மக்களுக்கு என்னால் முடிந்த சிறு உதவி" என்று கீழே எழுதியிருந்தான். இவன் தாத்தா அதே மலையில் சாமை விதைத்தவர். நான் உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"நல்லா இருந்த போன எதுக்குடா மாத்தின?"

"மாமா, ஜனங்க முன்னேற வேணாமா?" என்றான்.

எனக்கு நாக்கில் வந்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்று பேசக்கூடியவை அல்ல. வைத்துவிட்டேன்.

மறுநாள் அக்கா வெள்ளிமலை வரை நடந்து வந்து பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த போனை அவிழ்த்துக் காட்டினாள். "உன் மச்சான் குடுத்திச்சி. எவ்ளோ பெருசு பாரு. உள்ள கடிகாரம் தெரியுது, நாள் தெரியுது. என் வூட்டுக்காரர் மூஞ்சப் பாத்துப் பேசலாமாம்." அவள் கணவர் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருந்தார். அவள் இவ்வளவு சந்தோஷமாக எதையும் காட்டி நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. "நல்லா இருக்குதுக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்தப் போன் வந்தபின் மரம் படாதபாடு பட்டது. முதலில் பழைய பைக்குள் அது நுழையவில்லை, அக்கா மகள் புதுப்பை தைத்தாள். வெளியே முகம் தெரியும்படி பிளாஸ்டிக் தாள் வைத்துத் தைத்திருந்தாள். பிறகு அது சும்மா இருக்காமல் டிங் டிங் என்று சத்தம் கொடுக்க ஆரம்பித்தது. களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடி வந்து பார்த்தால் தள்ளுபடியில் சோபா வாங்கச் சொல்லும் விளம்பரம். மாட்டுக்கொட்டகைக்கு ஓடு மாற்ற வழியில்லாத ஊருக்கு சோபா. அதற்கும் மேலே சார்ஜ். காலையில் மாட்டினால் பொழுது சாய்வதற்குள் செத்துவிடும். தினமும் அதைப் பையிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் ஒயரில் செருகி, மறுபடி கொண்டுவந்து மாட்ட வேண்டியிருந்தது. பட்டன் போனைப் பையிலிருந்து எடுத்தே பழக்கமில்லாத அக்காவுக்கு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது பழகிப்போனது. போனை எப்படி எடுத்துப் பேசுவது என்று மகள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து கை கழுவி உட்கார்ந்து பழகுவார்களாம். விரலை வைத்து ஓரமாக இழுக்க வேண்டும். அக்காவுக்கு அது வந்துவிட்டது.

சாமை அறுப்பு தொடங்கியது. அறுப்புக் காலத்தில் மலைப் பெண்களின் கையைப் பார்த்தால் தெரியும். சாமைத் தாளும் அரிவாளும் பட்டு விரல் நுனியெல்லாம் காய்த்து, வெடித்து, மண் ஏறிப் போயிருக்கும். கழுவினாலும் போகாது. அறுப்பு முடிந்து சில வாரம் போனால்தான் தோல் பழையபடி ஆகும்.

அன்று மகள் மேட்டுக்காட்டில் கதிர் கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்திருக்கிறாள். பலாமரத்தை நெருங்கும்போது போன் அடித்தது. கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். போனின் முகத்தில் கீழ் ஊர் லேண்ட்லைன் நம்பர். காலேஜ்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. விரலை வைத்து இழுத்தாள். காய்த்த விரல் போனுக்குத் தெரியவில்லை. பிளாஸ்டிக் தாளுக்கு மேல் இழுப்பதால்தானோ என்று பைக்குள் கையை விட்டு இழுத்தாள். தெரியவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு இழுத்தாள். எச்சில் தொட்டு இழுத்தாள். மறு கை விரலால் இழுத்தாள். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. சுற்றிலும் யாருமில்லை, எல்லாரும் அறுப்பில் இருந்தார்கள். பட்டன் போனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே ஒரு அமுக்கு அமுக்கி, "இருங்கம்மா, கூப்புடறேன்" என்று சொல்லிவிட்டு மேட்டைப் பார்த்துக் கத்தியிருப்பாள். அந்தக் குரல் அந்த மலைக்கே கேட்கும்.

அக்கா என்ன செய்தாள் என்றால், மகள் கையில் கொடுத்தால் மகள் எடுத்துவிடுவாள் என்று போனைப் பையிலிருந்து உருவிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினாள். தினமும் எடுத்துக்கொண்டு நடந்த கை. மரத்தை விட்டுத் திரும்பிய உடனே சத்தம் நின்றுவிட்டது. நின்றதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. மகள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடியிருக்கிறாள். மகள் கையில் போனைக் கொடுத்தபோது அதில் ஒன்றும் இல்லை.

இரண்டு பேரும் மரத்தடிக்கு ஓடி வந்தார்கள். மகள் அந்த நம்பருக்குத் திரும்பத் திரும்பப் போட்டாள். லைன் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்து, "உங்களுக்கு ரெண்டு வாட்டி போட்டேம்மா, எடுக்கல. இப்பதான் அடுத்த பொண்ணு வரேன்னு சொல்லிச்சி" என்று சொன்னார். திட்டவில்லை, நல்லபடியாகவே சொன்னாராம்.

சாயங்கால ட்ரிப்பில் வெள்ளிமலையில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தியபோது அக்கா மகள் வந்து ஜன்னலோரம் நின்றாள். நடந்ததை அப்படியே சொன்னாள். அழவில்லை. "அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த லீவு நாளில் நான் காலேஜுக்குப் போய்க் கேட்டேன். இடம் நிரம்பிவிட்டது, இனி யாராவது விலகினால் பார்ப்போம் என்றார்கள். அவர்கள் பக்கம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, சொன்னபடி கூப்பிட்டார்கள், சொன்னபடி அடுத்த பெண்ணுக்குப் போனார்கள். அந்த வாசற்படியில் இறங்கினேன். அங்கே வெள்ளை யூனிபார்மில் பெண்கள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்களைப் பார்க்க முடியாமல் ரோட்டைக் கடந்து வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். கதையைக் கேட்டுவிட்டு அவன் கொஞ்சம்கூட அசரவில்லை.

"அக்கா தப்பா ஸ்வைப் பண்ணியிருப்பாங்க மாமா. டச்ச ஜாஸ்தி பண்றதுக்கு உள்ள ஒரு செட்டிங் இருக்குது. அத ஆன் பண்ணணும்."

"அத யாருடா மலைல போயி ஆன் பண்றது?"

"அதான் சொல்றேன். அது பழைய மாடலு, டச்சு கொஞ்சம் கம்மிதான்." தன் கையிலிருந்த புதுப் போனைத் தூக்கிக் காட்டினான். "இதுல அந்தப் பிரச்சினையே இல்ல. கையே வேணாம். வாயால சொன்னா எடுக்கும். அடுத்ததா ஒண்ணு வருது, நான் மாத்திட்டா இதயே அக்காவுக்குக் குடுத்துடறேன், கவலய வுடுங்க."

அவன்மேல் அந்த நிமிஷம் வந்த வெறுப்பை எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. ஒரு பெண்ணின் படிப்பு போயிருக்கிறது. இவன் மாடல் சொல்கிறான். இவனைப் போன்றவர்களுக்கு எந்தக் கேள்விக்கும் பதில் அடுத்த மாடல்தான். நாளைக்கு இவன் வீட்டில் இழவு விழுந்தாலும் எந்த மாடலில் ஒப்பாரி நன்றாகக் கேட்கும் என்று பார்ப்பான். கொடுத்தோமே, அது அவர்கள் கைக்கு ஆகுமா, அவர்கள் இருப்பதற்கு ஒத்துவருமா என்று ஒரு தடவை யோசித்திருப்பானா? அவனுக்குத் தேவையில்லாததை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதற்குத் தர்மம் என்று பெயர், அதற்கு ஒரு வீடியோ, அதற்கு ஒரு பாட்டு.

ஷோகேஸில் பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில் அக்காவின் பட்டன் போன் இருந்தது. கதவைத் திறந்து எடுத்துக்கொண்டேன். "மாமா, அத ஷோவுக்கு வெச்சிருக்கேன்" என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில், வெட்டிய சிம்மை அதில் வைக்க ஒரு சின்னப் பிளாஸ்டிக் சட்டம் போதும் என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள்.

மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் சாய்ந்திருந்தது. வீட்டில் மகள் இல்லை. அவள் அப்பா ஊருக்கு வந்திருந்தார், அன்று காலை பஸ்ஸில் அவரோடு அவளும் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அக்கா பின்புறம் துவைக்கிற கல்லருகே குந்தியிருந்தாள். பாத்திரம் தேய்க்கிறாள் என்று நினைத்தேன். பாத்திரம் எதுவும் இல்லை. ஒரு செங்கல் துண்டை வைத்துக்கொண்டு விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாகத் தேய்த்து, தண்ணீரில் முக்கி, மறுபடி தேய்த்தாள். ஆள்காட்டி விரலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"இன்னாக்கா பண்றே?" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"வுடு. காய்ப்பு போனா அதுக்கு வெரலு தெரியும்னு டச் போன் பசங்க சொன்னாங்க. மறுபடி ஒரு எடம் காலியானா கூப்புடுவாங்க இல்ல?"

பட்டன் போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். இதை மாட்டிக்கொள், பழையபடி அமுக்கினால் போதும் என்றேன். அவள் அதை வாங்கவில்லை. ஈரக் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டு, விரல்களை விரித்து ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"அதுக்கு இனிமே டவரு வராதாமே, உன் மச்சான் சொல்லிச்சி. இது புதுசு தம்பி, நல்ல போனு. எல்லார் வெரலையும் தெரியுது அதுக்கு. என் வெரலுதான் பழசாப் பூடுச்சி."

சொல்லிவிட்டு அவள் செங்கல் துண்டை மறுபடி எடுத்தாள்.